காலம் நிற்க வேண்டும்

சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கியதும் கோச் ஸ்டாப்வாட்ச்சைக் கையால் மூடிக்கொண்டார். "பாக்காதீங்க சார். நீங்களே சொல்லுங்க, இந்த நூறு மீட்டருக்கு எவ்வளவு ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்" என்றேன். அப்படித்தான் நீந்தியதாக நம்பினேன். மூச்சு வாங்கவில்லை. தோள் இறுகவில்லை.

கையை எடுத்தார். 1:58.

பன்னிரண்டு நொடி வித்தியாசம். முப்பது வருஷமாக மிருதங்கம் வாசிக்கிறேன். மயிலாப்பூரில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஒரு மாணவன் கோர்வையில் இம்மி முந்தினாலும் என் காது பிடித்துவிடும். அந்தக் காதுக்கு, தண்ணீருக்குள் என் கைகள் போட்ட காலம் கேட்கவே இல்லை.

அன்று எட்டு நூறு அடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் 15 நொடி ஓய்வு. ஐந்தாவது நூறு 2:19. எட்டாவது 2:31. கடைசியில் லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கோச்சுக்கு என்னைவிடப் பதினாறு வயது குறைவு, மாநில அளவில் நீந்தியவர். குளத்து விளிம்பில் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "முதல் நூறுல கடன் வாங்கினீங்க சார். அஞ்சாவதுலருந்து வட்டி கட்டுறீங்க."

மார்கழிக் கச்சேரிகள் முடிந்திருந்த ஜனவரி முதல் வாரம் அது. மார்ச் கடைசியில் கோவாவில் 5 கிலோமீட்டர் கடல் நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். கையில் பன்னிரண்டு வாரம். அந்தப் பன்னிரண்டு வாரத்தில் வேகத்தைப் பற்றியும், அதை அளந்து செலவழிப்பதைப் பற்றியும் கற்றதை இங்கே எழுதுகிறேன். குளத்தில் நன்றாக நீந்துகிறவர்களும் கடலில் ஏன் தத்தளிக்கிறார்கள் என்று யோசித்தவர்களுக்கு இது உதவும்.

ஆற்றிலிருந்து கடலுக்கு

நான் நீந்தக் கற்றது திருவையாற்றில், புஷ்யமண்டபப் படித்துறையில். ஆடியில் காவிரி கரை தொட்டு ஓடும்போது சித்தப்பா இடுப்பில் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். ஒரு வருஷம் கழித்து அக்கரை போய்த் திரும்பப் பழக்கினார்.

எனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதிருக்கும்போது, 1994-ல், ஈரோட்டைச் சேர்ந்த குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அவருக்கும் அப்போது 12 வயதுதான். அதே ஆண்டில் ஆறு நீர்வழிகளைக் கடந்து, 1966-ல் ஒரே ஆண்டில் ஐந்தைக் கடந்திருந்த மிஹிர் சென்னின் சாதனையை அவர் தாண்டினார். எங்கள் தெருவில் எல்லாப் பையன்களும் அந்த வருஷம் படித்துறையை விட்டு ஏறவே இல்லை. அதற்கு நாற்பது ஆண்டு முன்பே நவரத்தினசாமி என்பவர் இலங்கையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்திருக்கிறார் என்பதையும், வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் அதே வழியில் போய்த் திரும்பியும் வந்தார் என்பதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். போக வர 51 மணி நேரம். அந்த எண்ணை இப்போது படித்தால் அவருடைய கைகளின் பலம் எனக்கு முதலில் தோன்றுவதில்லை. 51 மணி நேரமும் கலையாமல் நின்ற ஒரு காலம்தான் தோன்றுகிறது.

பிறகு மிருதங்கம் என்னைச் சென்னைக்குக் கூட்டி வந்தது. நீச்சல் விட்டுப்போனது. முப்பத்தெட்டு வயதில், பல வருஷம் சம்மணமிட்டு உட்கார்ந்ததில் இடுப்பு வலி வந்தபோது, டாக்டர்தான் மறுபடி தண்ணீரில் இறங்கச் சொன்னார். வேளச்சேரியில் உள்ள 50 மீட்டர் குளத்தில் காலை பேட்ச்சில் சேர்ந்தேன்.

முதல் கடல் போட்டி இரண்டு வருஷத்துக்கு முன்பு, 2 கிலோமீட்டர். குளத்தில் அதை 46 நிமிடத்தில் முடிப்பேன். கடலில் ஹாரன் ஒலித்ததும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒன்றாகப் பாய்ந்தார்கள். யாருடைய காலோ முகத்தில் பட்டது, யாருடைய கையோ முதுகில் விழுந்தது. அந்தக் கூட்டத்தோடு நானும் அடித்துக்கொண்டு போனேன். முந்நூறு மீட்டரில் மூச்சு போய்விட்டது. மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடம் மிதந்தேன். பக்கத்தில் வந்த கயாக்கிலிருந்த பையன் "ஓகேவா?" என்று கேட்டான். முடிக்க 58 நிமிடம் ஆனது. பலத்துக்கோ பழக்கத்துக்கோ குறைவில்லை. முதல் ஐந்து நிமிடம் என்னுடைய காலத்தில் நான் இல்லை, குறை அதுதான்.

தண்ணீர் போடும் கணக்கு

தண்ணீர் காற்றைவிடச் சுமார் எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. அதற்குள் நகர்கிறவருக்கு எதிராக அது தள்ளும் தடை, வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அந்தத் தடையை அந்த வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கத் தேவைப்படும் சக்தியோ எட்டு மடங்கு.

என் முதல் நூறு மீட்டரை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2:10-ல் போவதாக நினைத்து 1:58-ல் போனேன். வேகம் பத்து சதவீதம்தான் கூடியது. அதற்கு உடல் கொடுத்த சக்தியோ மூன்றில் ஒரு பங்கு அதிகம். கிடைத்தது 12 நொடி. அடுத்த ஏழு நூறுகளில் இழந்தது அதைப்போலப் பல மடங்கு. ஓடுகிறவர் ஆரம்பத்தில் கொஞ்சம் அவசரப்பட்டால் தரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் பொறுக்காது. நீண்ட தூரத்தில் ஒரே சீராகப் போகிறவர் அதே பலமுள்ள அவசரக்காரரை முந்துவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் உங்கள் எண்

சீராகப் போக வேண்டும் என்றால் எந்த வேகத்தில்? அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த கோஜி வாகயோஷியும் அவருடைய குழுவினரும் 1990-களின் தொடக்கத்தில் நீச்சலுக்காக வகுத்த ஒரு கருத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் கிரிட்டிக்கல் ஸ்விம் ஸ்பீடு, சுருக்கமாக சிஎஸ்எஸ் என்பார்கள். உடல் களைப்பைச் சேர்த்து வைக்காமல் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகத்தின் மேல் எல்லை என்று ஏறக்குறையச் சொல்லலாம்.

நன்றாக வார்ம் அப் செய்துவிட்டு 400 மீட்டரை முழு முயற்சியோடு நீந்த வேண்டும். போதுமான ஓய்வுக்குப் பிறகு 200 மீட்டரையும் அப்படியே. முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால் 100 மீட்டருக்கான எண் கிடைக்கும். எனக்கு 400 மீட்டர் 8 நிமிடம், 200 மீட்டர் 3:48. கழித்தால் 252 நொடி. பாதி 126. ஆக 2:06.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 200 மீட்டரைச் சோம்பலாக நீந்தினால் கழித்து வரும் எண் பொய்யாக வேகமாகத் தெரியும். அந்தப் பொய்யை நம்பிப் பயிற்சி செய்தால் மூன்றாவது வாரத்தில் தோள் சொல்லிவிடும். இரண்டையும் நாணயமாக நீந்த வேண்டும்.

5 கிலோமீட்டர் போட்டியில் முழுக்க இந்த எண்ணிலேயே போக என் போன்றவர்களால் முடியாது. நான்கைந்து நொடி கூட்டிக்கொள்ளச் சொன்னார் கோச். அதாவது 2:10, 2:11. அன்றைய நிலையில் என் போட்டிக் காலம் அது. அதைத்தான் நான் 1:58-ல் தொடங்கினேன்.

மூன்று காலம்

எங்கள் வித்தையில் பாடத்தை முதலில் கீழ்க்காலத்தில், அதாவது மெதுவாக, வாசிக்க வைப்பார்கள். அது நிற்கிறவரை மேல்காலம் கிடையாது. என் குருநாதர் ஒரே பாடத்தை ஆறு மாதம் கீழ்க்காலத்தில் வைத்திருந்தார். விரல் வேகமாகப் போகத் துடிக்கும். "வேகம் தானா வரும்டா. காலம் தானா வராது" என்பார். கோச் எழுதிக் கொடுத்த அட்டவணையைப் பார்த்தபோது அந்தக் குரல்தான் கேட்டது. திங்கள், புதன், வெள்ளி குளம், ஞாயிறு கடல். வாரத்துக்கு 8 கிலோமீட்டரில் தொடங்கி 12 வரை.

முதல் நான்கு வாரம் கீழ்க்காலம். 2:12-ல் நீளமாக நீந்துவது, 400, 600, 800 என்று. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை சுவரைத் தொட்டதும் நேரத்தை நானே சொல்ல வேண்டும். பிறகுதான் அவர் காட்டுவார். முதல் வாரம் நூறு மீட்டருக்குப் பத்து நொடி தப்பியது. மூன்றாவது வாரம் நான்கு. நான்காவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை ஆறு முறை தொடர்ந்து ஒரு நொடிக்குள் சொன்னேன். எந்தக் கருவியும் வேண்டாத இந்தப் பயிற்சியைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பரிந்துரைப்பேன். கடலில் சுவரும் இல்லை, சுவர்க் கடிகாரமும் இல்லை. உள்ளே ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அதைக் கேட்க மூன்று இடங்களைக் கண்டுபிடித்தேன். ஒன்று கை எண்ணிக்கை. 2:06-ல் போகும்போது 50 மீட்டருக்கு எனக்கு 50 கை. களைத்தால் அது 56, 57 என்று ஏறும், ஆனாலும் நேரம் கூடும். கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டாவது மூச்சு. மூன்று கைக்கு ஒரு மூச்சு என்று இரண்டு பக்கமும் மாறி மாறி எடுப்பேன்; எங்கள் கணக்கில் தகிட, தகிட. அந்தத் தகிட தாங்காமல் இரண்டு கைக்கு ஒருமுறை காற்றைத் தேடினால் காலம் ஓடிவிட்டது என்று பொருள். மூன்றாவது கால். ஒரு கைவீச்சுக்கு மூன்று உதை உதைத்தால் வேகம் வரும். ஆனால் தொடைத் தசைகள் பெரியவை, பிராணவாயுவை அள்ளிக் குடிக்கும். தொலைதூரத்தில் பலரும் ஒரு கைக்கு ஒரு உதையோடு நிறுத்திக்கொண்டு, மூன்றைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள்.

கேப்புக்குள் வைத்துக்கொள்ளும் சிறிய பீப் கருவி ஒன்றும் உண்டு. நிமிடத்துக்கு 50 என்று வைத்தால் 1.2 நொடிக்கு ஒருமுறை காதோரம் ஒலிக்கும். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கை தண்ணீரில் இறங்க வேண்டும். மெட்ரோனோமோடு சாதகம் செய்வது போலத்தான். அதன் குணமும் அதேதான்: கற்கும்போது துணை, அதிலேயே சாய்ந்துவிட்டால் சொந்தக் காது வளராது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஐந்து வாரம் மத்திம காலம். பத்து நூறு, 2:06-ல், இடையே 15 நொடி. முதல் முறை ஆறு மட்டுமே பிடிக்க முடிந்தது. ஆறாவது வாரத்தில் பத்தும் நின்றது. இன்னொரு நாள் நாலு நானூறு. ஒவ்வொன்றிலும் பின்பாதியை முன்பாதியைவிட மூன்று நொடி வேகமாக முடிக்க வேண்டும். இது எளிதாகத் தோன்றும். முதல் 200 மீட்டரில் உடல் புதிதாக இருக்கும்போது கையைக் கட்டி வைப்பது எவ்வளவு கடினம் என்பது செய்தால்தான் தெரியும். ஏழாவது வாரம் சோதனையை மறுபடி செய்தோம். 400-க்கு 7:44, 200-க்கு 3:40. புதிய எண் 2:02.

மேல்காலம் எதற்கு

சீராகப் போவதுதான் முக்கியம் என்றால் அதிவேகப் பயிற்சி எதற்கு என்று கேட்டேன். "மூணு இடத்துல வேணும் சார். கிளம்பும்போது, ஒருத்தரோட காலைப் பிடிக்கும்போது, முடிக்கும்போது" என்றார்.

கிளம்புவதற்கு ஒரு தனிப் பயிற்சி. முதல் 100 மீட்டரை வேகமாக அடித்து, நிற்காமல் அடுத்த 400 மீட்டரைப் போட்டிக் காலத்தில் நீந்துவது. கூட்டத்திலிருந்து விலகக் கொஞ்சம் வேகம் வேண்டும். ஆனால் உடனே தன் காலத்துக்கு இறங்கத் தெரிய வேண்டும். மூச்சு இரைக்கும்போதே கையை நிதானப்படுத்துவது தனி வித்தை. எனக்கு அது மூன்று வாரம் பிடிபடவில்லை. வெளிவிடும் மூச்சை நீளமாக, தண்ணீருக்குள் முழுக்க விடக் கற்ற நாளில் பிடிபட்டது.

காலைப் பிடிப்பது என்றால் முன்னால் போகிறவரின் பாதங்களுக்குப் பின்னால், அவர் கிழித்த நீருக்குள் போவது. அரை மீட்டருக்குள் ஒட்டிப் போனால் தடை ஐந்தில் ஒரு பங்குவரை குறைவதாக ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். தலையைத் தூக்க வேண்டியதில்லை. அவர் காலிலிருந்து எழும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். தொடக் கூடாது, இடிக்கக் கூடாது. பக்கவாத்தியம் வாசிக்கிறவனுக்கு இந்த மனநிலை புரியும். பிரதானமாகப் பாடுகிறவரின் காலத்தைக் காதில் வாங்கி, அதன் மேல் கையை வைக்கிறோம். ஆனால் யாருடைய காலைப் பிடிப்பது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்மைவிட ஒரு நூல் வேகமானவர் போதும். இரண்டு நூல் என்றால் மறுபடி கடன்தான்.

பெரிய போட்டிகளில் இதன் பலனைப் பார்க்கலாம். 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல் ஒலிம்பிக்கில் முதலில் இடம்பெற்றது 2008-ல், பெய்ஜிங்கில். ஆண்கள் போட்டியில் பிரிட்டனின் டேவிட் டேவிஸ் நெடுநேரம் முன்னணியில் இருந்தார். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்திருந்த நெதர்லாந்தின் மார்ட்டன் வான்டர் வைடன் கூட்டத்துக்குள் பலத்தைச் சேமித்துக்கொண்டு வந்து, கடைசிக் கட்டத்தில் எழுந்தார். 1 மணி 51 நிமிடம் 51.6 நொடி, 1.5 நொடி வித்தியாசத்தில் தங்கம். பெண்கள் போட்டியில் ரஷ்யாவின் லாரிசா இல்சென்கோவும் அப்படியே பின்னாலிருந்து வந்து வென்றார். அவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி அதே 1.5 நொடி. 2016 ரியோவில் நெதர்லாந்தின் ஃபெரி வேயர்ட்மனும் கிரேக்கத்தின் ஸ்பைரோஸ் யான்னியோட்டிஸும் ஒரே நேரத்தில் முடிக்க, புகைப்படத்தைப் பார்த்துத்தான் வேயர்ட்மனுக்குத் தங்கம் கொடுத்தார்கள்.

எதிர் உதாரணமும் உண்டு. டோக்கியோவில் ஜெர்மனியின் ஃப்ளோரியன் வெல்ப்ராக் பெரும்பாலும் முன்னணியிலேயே நீந்தி 25 நொடிக்கு மேல் இடைவெளியில் வென்றார். அவருடைய மத்திம காலமே மற்றவர்களின் மேல்காலத்தை நெருங்கியிருந்தது. அடி எடுத்து வைத்த காலத்தைக் கடைசிவரை அவரால் தாங்க முடிந்தது. காலம் பிறழாமல் நிற்பது இரண்டு வழிக்கும் பொது.

கடல் சொல்லிக் கொடுத்தது

ஞாயிறு காலை ஆறு மணிக்கு கோவளம். நாங்கள் ஏழு பேர். கூடவே ஒரு ஃபைபர் படகு. படகு இல்லாமல், கூட்டில்லாமல் ஒரு நாளும் கடலில் இறங்கியதில்லை, இறங்கவும் கூடாது. படகுக்கார அண்ணன் அறுபதை நெருங்குகிறவர். தண்ணீரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எங்களை இறங்க விடுவார்.

"இன்னிக்கு வன்னி சார், தெக்க இழுக்கும்" என்றார் ஜனவரியில் ஒருநாள். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் வன்னி; தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. வாடைப் பருவத்தில் முன்னதும், கோடையை நோக்கிப் போகப்போகப் பின்னதும் இந்தக் கரையில் அதிகம். அன்று தெற்கே ஒரு கிலோமீட்டர் போக 19 நிமிடம். அதே கிலோமீட்டர் திரும்பி வர 25. போகும்போதும் வரும்போதும் என் கை ஒரே எண்ணிக்கை, ஒரே மூச்சு. கையில் கட்டிய கடிகாரம் மட்டும் ஒருமுறை என்னைப் புகழ்ந்தது, ஒருமுறை பழித்தது. திரும்பும்போது அந்தப் பழியைக் கேட்டு 2:10-ஐப் பிடிக்க முயன்றிருந்தால் பாதியில் ஓய்ந்திருப்பேன்.

குளத்தில் அத்தனை பாடுபட்டுக் கற்ற எண் கடலில் செல்லாது. எதற்குக் கற்றோம்? அந்த எண்ணில் போகும்போது உடல் எப்படி இருக்கும் என்று அறியத்தான். மூச்சு எங்கே இருக்கும், தோள் எவ்வளவு சூடாகும், கை எவ்வளவு கனக்கும் என்பது அறிவாகிவிட்டால் எண்ணை விட்டுவிடலாம். மேடையில் யாரும் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை.

நீரோட்டத்தை எப்படிக் கையாள்வது என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகமே பார்த்தது. சென் நதியில் எதிர்நீரில் போகும்போது நீச்சல்காரர்கள் கரைச் சுவரை ஒட்டியே போனார்கள். ஓரத்தில் நீரின் வேகம் குறைவு. எனக்கு அதைப் பார்த்ததும் சித்தப்பா நினைவுதான் வந்தது. எதிர்த்துப் போவதென்றால் கரையோரமாகப் போ. அக்கரைப் படித்துறைக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு மேலே இருக்கிற மரத்தைப் பார்த்து நீந்து, ஆறு உன்னைப் படித்துறையில் விடும் என்பார். கடலில் பக்கவாட்டு நீரோட்டம் இருந்தால் மிதவையை நேராகக் குறிவைக்காமல் அதற்கு மேல்நீரில் ஓர் இடத்தைக் குறிவைக்க வேண்டும். சித்தப்பாவின் மரம்தான் அது.

திசை பார்ப்பதும் வேகத்தில் சேர்ந்ததே. வளைந்து வளைந்து போனால் 5 கிலோமீட்டர் போட்டி 5.4 ஆகிவிடும். அந்த 400 மீட்டரை எந்தப் பயிற்சியும் ஈடுசெய்யாது. தலையை முழுக்கத் தூக்கினால் கால் தாழ்ந்து தடை கூடும். முதலைபோலக் கண்மட்டம் மட்டும் எழும்பிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்க வேண்டும். ஒன்பது கைக்கு ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். மூன்று தகிட. அலை இருக்கும் நாளில் நிமிடத்துக்கு 50 கை என்பதை 56 ஆக்கிக்கொள்வேன். நீளமாகச் சறுக்கும் கையை அலை தட்டிவிடும். கொஞ்சம் குறுகிய, கொஞ்சம் நெருக்கமான கை அதற்குள் நுழைந்துவிடும்.

உடலின் எச்சரிக்கைக்கு முன்னால் எந்தக் காலத்தையும் விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், வெதுவெதுப்பான கடலில், அமெரிக்காவின் ஃபிரான் கிரிப்பன் இறந்துபோனார். 26 வயது. உலகத்தரமான வீரர். அதற்குப் பிறகு போட்டி நீரின் வெப்பம் 31 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. சூடான நீரில் உடலால் தன் வெப்பத்தை எளிதில் வெளியேற்ற முடியாது. நீந்தும்போது வியர்ப்பதும் தெரியாது. நம் கரைகளில் கோடையில் நீந்துகிறவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. தலை கிறுகிறுத்தால், குளிர் நடுக்கம் வந்தால், கையைத் தூக்கிப் படகை அழைக்க வேண்டும். எத்தனை வாரப் பயிற்சியும் அதற்கப்புறம்தான்.

கடைசி இரண்டு வாரம்

தூரத்தைப் பாதியாகக் குறைத்தோம். வேகத்தைக் குறைக்கவில்லை. பத்து நூறுக்குப் பதில் ஐந்து நூறு, அதே கூர்மையில். உடல் பழைய களைப்பைக் கழுவிவிட்டு வேகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இது வழி. பயிற்சி குறையும்போது மனது பதறும்; இன்னும் கொஞ்சம் அடித்தால் என்ன என்று தோன்றும். கச்சேரிக்கு முந்தின நாள் நாலு மணி நேரம் சாதகம் செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

போட்டி காலை. 2.5 கிலோமீட்டர் சுற்று, இரண்டு முறை. கூட்டத்தின் இடது ஓரத்தில் நின்றேன். ஹாரன். முதல் நூறு வேகமாக, பிறகு மூச்சை நீளமாக விட்டு இறங்கினேன். பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கடந்துபோனார்கள். பத்து நிமிடம் அப்படியே போனது. கையைக் கட்டி வைத்தேன். தகிட, தகிட. முதல் மிதவை தாண்டியதும் நீல கேப் போட்ட ஒரு பெண்ணின் குமிழிகள் கிடைத்தன. என் காலத்துக்கு ஒரு நூல் மேலே. அவர் பின்னாலேயே ஒரு கிலோமீட்டர் போனேன்.

முதல் சுற்று முடிவில் தண்ணீர் குடிக்க நின்ற சில நொடியில், தொடக்கத்தில் என்னைக் கடந்துபோன சிலரைப் பார்த்தேன். ஒருவர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். அவருடைய முகம் எனக்குத் தெரிந்த முகம். இரண்டு வருஷத்துக்கு முன்பு நான் பார்த்த வானத்தைத்தான் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவா மூச்சு விடுங்க, சரியாயிடும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். கயாக் அவரிடம் வந்துகொண்டிருந்தது.

கடைசி ஐந்நூறு மீட்டரில் கால்களை எழுப்பினேன். ஒரு கைக்கு மூன்று உதை. மிருதங்கத் தனியில் மோரா முடிந்து கடைசிக் கோர்வைக்குப் போகிற இடம் அது. கை நழுவவில்லை. மணலில் கால் பட்டதும் நிமிர்ந்து நடந்தேன். கோச் அங்கே நின்றுகொண்டிருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தை மூடினார். அவர் கேட்குமுன்பே சொன்னேன்: "ஒண்ணு அம்பத்தொண்ணு. ரெண்டாவது சுத்து வேகம்."

1 மணி 51 நிமிடம் 25 நொடி. முதல் சுற்று 56:10. இரண்டாவது 55:15.

பதக்கப் பட்டியலில் என் பெயர் இல்லை. அன்று மாலை தஞ்சாவூருக்குப் போன் செய்தேன். என் குருநாதருக்கு இப்போது எண்பது வயது. கடலில் நீந்தினேன், அஞ்சு கிலோமீட்டர் என்றேன். எத்தனையாவது வந்தாய் என்று அவர் கேட்கவில்லை.

"காலம் நின்னுதாடா?"

"நின்னுது சார்."